அக்கா வாசலில் கிடந்த ஈரச்சாக்கு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் அட்டையைப் பார்த்திருப்பீர்கள். அக்காவின் படம் புகைக்குள் இருப்பது போலத் தெரியும். தலைமுடியில் கறுப்பு இல்லை, புருவத்தில் கறுப்பு இல்லை. அச்சகத்துக்காரர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் சொல்லித்தான் அப்படி அடித்தார்கள். காரணத்தைப் பின்னால் எழுதுகிறேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். ஆட்கள் முன்னால் வாய் திறந்து பேசிப் பழக்கமில்லை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் அடுப்படியில் போய் உட்கார்ந்துகொள்வேன். பேசாமல் இருக்கிறவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. யார் என்ன செய்கிறார்கள், எதற்காகச் செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பது. அக்கா காலமாகி ஒரு வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டுக்கு வழி கேட்டு வருகிறவர்களிடம், தெருமுனையில் இன்றைக்கும் சிலர் "திருட்டு வெடிக்காரி வீடா? கடேசி வீடு" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அக்கா வீட்டில் ஒரு நாளும் வெடி செய்ததில்லை. அந்தப் பெயரை அக்கா மேலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றுதான், எழுதத் தெரியாத நான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல என் மகள் பிழை திருத்தித் தந்தாள்.

அக்கா காரியாபட்டிப் பக்கம் ஒரு கரிசல்காட்டு ஊரில் பிறந்தார்கள். அய்யாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலி. களை வெட்டு, பருத்தி எடுப்பு, கடலை எடுப்பு என்று கிடைத்ததைச் செய்தார்கள். அக்கா மூத்தவர்கள், நான் கடைக்குட்டி. இடையில் பிறந்தவை தங்கவில்லை. மழை இல்லாமல் காட்டு வேலை நின்றதும் அய்யா எங்களைச் சிவகாசிக்குக் கூட்டி வந்தார்கள். அக்காவைத் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கச் சேர்த்தார்கள். கொஞ்ச நாளில் என்னையும் சேர்க்கப் பார்த்தார்கள். அக்கா விடவில்லை. "அவ படிக்கட்டும். அவ குச்சியையும் நானே அடுக்குறேன்" என்று சொன்னார்களாம். அப்படித்தான் நான் ஐந்து வகுப்புப் படித்தேன். இந்தக் கட்டுரையில் இருக்கிற எழுத்தெல்லாம் அக்கா அடுக்கிய குச்சி.

வயது வந்ததும் அக்கா பட்டாசு ஆபீசுக்குப் போனார்கள். முதலில் காகிதக் குழல் சுற்றுகிற வேலை, பிறகு அதில் வெடிமருந்து செலுத்துகிற வேலை. மச்சான் லோடு லாரியில் போய்வருகிறவர். சேர்ந்து வாழ்ந்தது கொஞ்ச காலம்தான். ஒரு சீசனில், ஆர்டர் நெருக்கின சமயம், யாரோ அவசரத்தில் காலைத் துடைக்காமல் மருந்து அறைக்குள் வந்துவிட்டார்கள். காலில் ஒட்டிய மணல் தரையில் உரசினால் போதும், மருந்து பற்றிக்கொள்ளும். அக்காவுக்கு இடது கையும் கழுத்தும் வெந்துபோயின. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிநேகிதி வீடு திரும்பவில்லை. மச்சான் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தார். பிறகு வெளியூர் லோடு என்று போனவர் போனவர்தான். வேறு இடத்தில் அவருக்குப் பிறந்த பிள்ளைகளும் இந்த மலரை வாங்கக்கூடும் என்பதால் அதற்கு மேல் எழுதவில்லை.

கம்பெனி கொடுத்த பணத்தில் அக்கா இந்தத் தெருவின் கடைசியில், வாறுகால் சாக்கடை ஓரமாக, ஒரு ஓட்டு வீடு வாங்கினார்கள். வீடு பேசப் போன அன்று நானும் உடன் போயிருந்தேன். எந்த ஊர் என்று கேட்டார்கள். சொன்னோம். ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். அதையும் சொன்னோம். குடிக்கத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போன அம்மாள் அதற்குப் பிறகு வெளியே வரவில்லை. வேறு யாரும் கேட்காத வாறுகால் வீடு என்பதால் எங்களுக்குக் கிடைத்தது.

என் வீட்டுக்காரர் தவறிய பிறகு நானும் அக்காவோடு வந்து சேர்ந்தேன். அந்தக் காலத்தில்தான் அக்கா காகித வேலையைத் தொடங்கினார்கள். சிவகாசியில் அச்சகத்துக்குப் பஞ்சமா? வெடிப் பெட்டிக்கு ஒட்டுகிற லேபிள் தாள் கலர் விலகி வந்தால் கழித்துப் போடுவார்கள். அக்கா அதை மூட்டையாக வாங்கி வருவார்கள். பட்டாசு ஆபீசில் நசுங்கிப்போய்த் தள்ளுகிற வெறும் குழல்களும் வாங்குவார்கள். குழலை அடுக்கிச் சணல் கட்டி எலும்புக்கூடு செய்வார்கள். மேலே மைதாப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்கத் துத்தம் கலந்து, கழிவுத் தாளை வெட்டி வெட்டி ஒட்டுவார்கள். ஒரு லேபிளில் இருக்கிற ரோஜாவின் இலை, இன்னொன்றில் இருக்கிற வானம், வேறொன்றில் ஏதோ குழந்தையின் சட்டை. எல்லாம் சேர்ந்து மயிலின் கழுத்தாகிவிடும். கிட்டப் போய்ப் பார்த்தால்தான் சட்டைப் பொத்தான் தெரியும்.

கழிவுத் தாளில் அக்காவுக்கு ரொம்பப் பிடித்தது கறுப்பு விழாத தாள். மஞ்சள், சிவப்பு, நீலம் எல்லாம் அடித்து, கடைசியில் கறுப்பு மட்டும் அடிக்காமல் நின்றுபோனது. அதில் முகங்களைச் சுற்றிக் கோடு இருக்காது. அதை அக்கா வெட்ட மாட்டார்கள், சுவரில் ஒட்டி வைப்பார்கள். "கோடு இல்லாத மூஞ்சியப் பாரு. யாரு, எந்தப் பக்கம்னு ஒண்ணும் தெரியாது. பாக்கவே குளுமையா இருக்கு" என்று ஒரு தடவை சொன்னார்கள். அட்டைப் படத்துக்குக் காரணம் அதுதான்.

பங்குனிப் பொங்கலுக்கு எங்கள் தெரு அம்மன் சப்பரத்தில் அக்காவின் மயில் நின்றது. அதற்கு முன் மதுரையிலிருந்து ஏதோ வாங்கி வைப்பார்களாம். அக்காவின் மயிலை ஒரு கடையில் பார்த்துவிட்டுக் கோயில் கமிட்டிக்காரர்களே கேட்டு வந்தார்கள். ஆனால் மயிலை நாங்கள் சப்பரத்தடிக்குக் கொண்டுபோகக் கூடாது. அவர்கள் ஆள் வந்து எங்கள் வாசலில் வாங்கிப்போவார்கள். சப்பரத்தில் ஏற்றுமுன் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். முதல் வருஷம் அந்தத் தண்ணீரில் மயிலின் கழுத்து ஊறித் தொங்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் தெளிப்பதுதான் வழக்கம் என்றார்கள். இருக்கலாம். பஜாரிலிருந்து வந்த பூமாலைக்குத் தெளித்ததை நான் பார்க்கவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து அக்கா மயிலுக்கு வார்னிஷ் அடித்தார்கள்.

மஞ்சள் தண்ணீர் தெளித்தவர் எதிர்வீட்டு அண்ணாச்சி. பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். கமிட்டியிலும் இருக்கிறார். எங்கள் வீட்டைத் தன் கடைச் சரக்குப் போடக் கொடுப்பீர்களா என்று முன்பு கேட்டவரும் அவர்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருந்தேன்.

இப்போது சாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். விபத்துக்குப் பிறகு அக்காவால் பட்டாசு ஆபீஸ் ஒழுங்கை விட முடியவில்லை. வாசல்படியில் எப்போதும் ஈரச்சாக்கு கிடக்கும். வருகிறவர் செருப்பைக் கழற்றி, காலைச் சாக்கில் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். நிலைக்காலில் ஒரு செம்புத் தகடு அடித்திருந்தார்கள். அதைத் தொட்டுவிட்டு வர வேண்டும், உடம்பில் ஏறிய கரண்டு அதில் இறங்கிவிடுமாம். இரும்புக் கத்தரி கிடையாது, பித்தளைக் கத்திதான். முன்வாசலும் கொல்லை வாசலும் நேருக்கு நேராகத் திறந்தே இருக்கும். அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்க விடமாட்டார்கள். ஐந்தாவது ஆள் வந்தால் ஒருவர் எழுந்து போக வேண்டும். செல்போன் வந்த பிறகு, அதைச் சன்னல் திட்டில் வைத்துவிட்டு வரச் சொல்வார்கள். அடுப்பும் தீப்பெட்டியும் கொல்லைத் தகரக் கொட்டகையில்.

உள்ளே காகிதமும் பசையும்தானே இருக்கிறது, எதற்கு இதெல்லாம் என்று நான் கேட்டிருக்கிறேன். "உள்ள என்ன இருக்குன்னு பாத்தா கால் துடைப்பாக? உக்காந்து வேல பாக்குற எடத்துக்கு வந்தா துடைக்கணும்" என்றார்கள்.

வேறு ஊராக இருந்தால், சுத்தம் பார்க்கிற பொம்பளை என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஈரச்சாக்கும் செம்புத் தகடும் எந்த அறையின் வாசலில் இருக்கும் என்று. அதனால் பேச்சு கிளம்பியது. குழல் வருகிறது, ஏதோ பளபளவென்று தூள் வருகிறது, வார்னிஷ் வாடை வருகிறது. ஃபோனை வெளியே வைக்கச் சொல்வது படம் எடுத்துவிடுவோம் என்ற பயத்தினால். ஐந்தாவது ஆளை விடாதது சாட்சி கூடிவிடும் என்பதனால். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு அர்த்தம் வைத்தார்கள். குழாயடியில் நான் போனால் பேச்சு நிற்கும்.

ஒரு வருஷம் பங்குனிப் பொங்கல் நெருங்குகிற சமயம், பக்கத்து ஊரில் வீட்டில் வைத்து வெடி செய்த இடத்தில் விபத்து நடந்துவிட்டது. அதிகாரிகள் ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் காலையில் போலீஸ் ஜீப் எங்கள் தெருவுக்குள் வந்தது. யாரிடமும் நிறுத்தி வழி கேட்கவில்லை. நேராகக் கடைசி வீட்டு முன்னால் வந்து நின்றது. வழி கேட்காமல் வருகிறவர்களுக்கு முன்னாலேயே யாரோ வழி சொல்லியிருக்க வேண்டும்.

தெருவே கூடிவிட்டது. இன்ஸ்பெக்டர் சிறு வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். வாசலில் ஈரச்சாக்கு எதற்கு என்று கேட்டார். கால் துடைக்க என்றார்கள் அக்கா. செம்புத் தகடு எதற்கு? தொட்டுவிட்டு வர. இவ்வளவு குழல் எதற்கு? மயிலுக்கு.

கூட்டம் சிரித்தது. "ஏக்கா, மயிலுக்குத் திரி எங்கன இருக்கு?" என்று ஒரு குரல் கேட்டது.

இன்ஸ்பெக்டர் தூளைக் காட்டி, இது என்ன என்றார். ஜிகினா என்றார்கள் அக்கா. சோதனைக்கு அனுப்ப வேண்டும், அதுவரை வீட்டைப் பூட்டி சீல் வைக்க வேண்டியிருக்கும் என்றார் அவர். அவர் வேலை அது. அக்கா எழுந்து கொல்லைக்கு வந்தார்கள். நான் அடுப்படியில் நின்றிருந்தேன். என்னைப் பார்க்கக்கூட இல்லை. தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய், குழல் குவியலுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். கொஞ்சம் ஜிகினாவை ஒரு குழலில் கொட்டினார்கள்.

"மருந்து இருக்குன்னு சொல்றவுக எல்லாம் நல்லாப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் குச்சியைக் கிழித்தார்கள்.

நேருக்கு நேர் வாசல் என்று சொன்னேன் அல்லவா, கொல்லையில் நின்ற எனக்குத் தெருவரை தெரிந்தது. ஓடினார்கள் பாருங்கள், அப்படி ஒரு ஓட்டம். போலீஸ்காரர்களும் ஓடினார்கள். இன்ஸ்பெக்டர் வாறுகாலைத் தாண்டிக் குதித்தார். சரியாகத் தாண்டவில்லை என்பது பிறகு அவர் பேண்ட்டைப் பார்த்தபோது தெரிந்தது. தெரு முழுக்கச் செருப்பு கிடந்தது. ஆள் இல்லை.

ஒருவரைத் தவிர. எதிர்வீட்டு அண்ணாச்சி. எங்கள் சாக்குக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு, இருந்த இடத்திலேயே நின்றார்.

குழல் காகிதம் எரிகிற மாதிரி எரிந்தது. பசை வாடை வந்தது. அக்கா எட்டி ஈரச்சாக்கை எடுத்து அதன் மேல் போட்டு அணைத்தார்கள். பிறகு அண்ணாச்சியைப் பார்த்துச் சிரித்தார்கள். வெந்த கழுத்து இழுப்பதால் அக்கா சிரிப்பது அபூர்வம்.

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து, "பைத்தியமாம்மா உனக்கு?" என்று சத்தம் போட்டார்.

"மருந்த வச்சுக்கிட்டுக் கொளுத்துனா பைத்தியந்தான் சார். இல்லாமக் கொளுத்துனா என்ன பேரு?" என்றார்கள் அக்கா. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் தொட்டித் தண்ணீரில் காலைக் கழுவி, அதே சாக்கில் துடைத்துவிட்டுப் போனார். வழக்கு ஒன்றும் இல்லை.

பெயர் மட்டும் போகவில்லை. சரக்கை முந்தின நாளே கடத்திவிட்டாள் என்று சாயங்காலத்துக்குள் புதுப் பேச்சு வந்துவிட்டது. சூலக்கரைக்குப் போய்க் கலெக்டரிடம் மனு கொடுக்கலாம் என்றாள் என் மகள். நம்பாதவர்களை நம்ப வைக்கச் சொல்லி மனு கொடுக்க முடியுமா என்று அக்கா மறுத்துவிட்டார்கள். "அதான் ஒருத்தர் நின்னாரே. எல்லாரும் ஓடுனாக, அண்ணாச்சி நின்னாரு. என்னைய நம்புன மனுசன் இந்தத் தெருவுல ஒருத்தர் இருக்காரு. அது போதும்" என்றார்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளே மருந்து இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவர்தான் ஓடாமல் நிற்பார். நிச்சயமாகத் தெரிந்தவர் எப்படித் தெரிந்துகொண்டார்? எட்டிப் பார்த்திருப்பார். தெரிந்திருந்தும் ஏன் ஜீப் வந்தபோது வாய் திறக்கவில்லை? வீட்டைப் பூட்டினால் நாங்கள் விற்றுவிட்டுப் போவோம் என்று எதிர்பார்த்திருப்பார். போலீசுக்குச் சொன்னவர் அவர்தான் என்று முடிவுகட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற ஆள் இல்லையே நான்.

அதற்குப் பிறகு அண்ணாச்சி எது செய்தாலும் எனக்குச் சந்தேகம்தான். அந்த வருஷம் கமிட்டியில் மயில் வேண்டாம் என்றபோது, வேண்டும் என்று பேசினாராம். எதற்குப் பேசினார்? மஞ்சள் தண்ணீர் தெளிப்பதை விட்டார். ஏன் விட்டார்? கடையில் பருப்பு வாங்கினால் ஒரு கை கூடப் போடுவார். வீட்டுக்கு வந்து அதைப் பரப்பிப் போட்டு, கல் கலந்திருக்கிறதா என்று பார்ப்பேன். நல்ல பருப்பாகத்தான் இருக்கும். அதுவும் சந்தேகமாக இருக்கும். அக்காவோ வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அவர் கடைத் தராசில் வைக்க ஒரு சின்ன மயில் செய்து கொடுத்தார்கள். சப்பர மயிலைவிட அதற்குத்தான் நல்ல தாள் பொறுக்குவார்கள். அவரும் அதைத் தலை குனிந்து வாங்கிக்கொள்வார். முகத்தைப் பார்க்க மாட்டார். குற்றம் செய்தவர்தான் முகத்தைப் பார்க்க மாட்டார் என்று நினைத்துக்கொள்வேன்.

கடைசிக் காலத்தில் அக்காவுக்கு மூச்சுத் திணறல் கூடியது. விருதுநகர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆட்டோ பிடித்துத் தந்தவர் அண்ணாச்சி. தினம் இட்லி கொடுத்து அனுப்பியவரும் அவர்தான். நான் சாப்பிடவில்லை, அக்கா சாப்பிட்டார்கள். நர்சம்மா ஒருவர், "உங்களைப் பாத்துக்க யாரு இருக்கா?" என்று கேட்டதற்கு, "தங்கச்சி இருக்கா. எதுத்த வீட்ல ஒரு மனுசர் இருக்காரு" என்றார்கள். வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு, கண் மூடுவதற்கு முந்தின நாள், சாக்கு காயாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

துக்கத்தன்று நான் அழுதுகொண்டே ஒன்றைப் பார்த்தேன். வந்தவர்கள் எல்லாரும் சாக்கில் காலைத் துடைத்தார்கள். செம்புத் தகட்டைத் தொட்டார்கள். சன்னல் திட்டில் செல்போன்கள் வரிசையாகக் கிடந்தன. உள்ளே நான்கு பேர் இருந்தால் ஐந்தாவது ஆள் வாசலில் நின்றார். ஒருவர் எழுந்து வந்த பிறகு உள்ளே போனார். யாரும் சொல்லவில்லை. மரியாதையா, இன்னும் உள்ளே ஏதாவது இருக்கும் என்ற பயமா, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அண்ணாச்சி மட்டும் உள்ளே வரவேயில்லை. தன் முறை வரும்போதெல்லாம் அடுத்தவரை அனுப்பிவிட்டு வெளியிலேயே நின்றார்.

இந்த மலர் விஷயமாகத் தன் சம்பந்தி அச்சகத்தில் சொல்லி அடித்துத் தருகிறேன் என்று போன மாதம் அண்ணாச்சி வந்தார். எதற்காக எங்களுக்குச் செய்ய வேண்டும் என்று வழக்கம் போல யோசித்தேன். அவர் கடையில் நான் கையைக் காட்டித்தான் சாமான் வாங்குவேன், அவரோடு பேசியது கிடையாது. அன்றைக்கு எங்கிருந்துதான் வந்ததோ, கேட்டுவிட்டேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு அக்கா குச்சி கிழிச்சப்ப எல்லாரும் ஓடுனாகல்ல. நீங்க ஏன் ஓடல?"

அவர் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால் வரலக்கா" என்றார்.

எனக்குப் புரியவில்லை என்று தெரிந்து அவரே தொடர்ந்தார். "போச்சுன்னு நெனச்சேன். வீடு, கடை, தெருவு, எல்லாம் போச்சுன்னு. ஓடணும்னு நெனைக்கேன், கால் நகரல. அம்புட்டுத்தான்."

"அப்ப உள்ள மருந்து இருக்குன்னுதான் நீங்களும் நெனச்சீகளா?"

"ஈரச்சாக்கப் பாத்தா இந்த ஊர்ல வேற என்னக்கா நெனைப்பாக?"

"போலீசுக்குச் சொன்னது நீங்களா?"

"நான் சொல்லல. யாரு சொன்னாகன்னும் தெரியாது. ஆனா சொன்னவுக பொய் சொல்லணும்னு சொல்லிருக்க மாட்டாக. பயந்துபோயித்தான் சொல்லிருப்பாக. நானே எம்புட்டு நாள் சொல்லிருவமான்னு நெனச்சிருக்கேன்." சாக்கின் ஓரத்தை நேராக இழுத்துவிட்டார். "உங்க அக்கா என்னையப் பாத்துச் சிரிச்சாக. பெறகு வருசா வருசம் மயிலு குடுத்தாக. எதுக்குக் குடுக்காகன்னு எனக்குத் தெரியும். நான் அந்த ஆளு இல்லைன்னு சொல்லணும்னு நெனைப்பேன். அன்னைக்குக் கால் வரல, அதுக்குப் பெறகு வாய் வரல."

இதை எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்க, பேர் மட்டும் வேண்டாம் என்றார். பிறகு எழுந்து, காலைச் சாக்கில் துடைத்து, தகட்டைத் தொட்டு, முதல் தடவையாக எங்கள் வீட்டுக்குள் வந்தார். சுவரில் ஒட்டியிருந்த கறுப்பு விழாத தாள்களைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

அவர் சொன்னதை நம்பலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பொய் சொல்ல நினைப்பவர், தன்னைத் தாழ்த்திக்கொள்கிற பொய்யைச் சொல்ல மாட்டார். அதனால் நம்புகிறேன். முக்கால்வாசி நம்புகிறேன். அக்கா இருக்கும்போதே இதைக் கேட்காமல் போனேனே என்று வருத்தம் இல்லை. கேட்டிருந்தால் அக்காவுக்கு இந்தத் தெருவில் ஒருவர்கூட இல்லாமல் போயிருக்கும்.

போலீசுக்குச் சொன்னவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்த மலர் தெருவில் எல்லா வீட்டுக்கும் போகிறது. அந்த வீட்டுக்கும் போகும். அவருக்கு நான் சொல்வது ஒன்றுதான். அன்று எரிந்தது காகிதக் குழல். நீங்கள் பயந்து சொல்லியிருந்தால் அந்தப் பயத்தை இனி விட்டுவிடலாம். அக்காவின் பெயரையும் விட்டுவிடுங்கள். சாக்கு இன்றைக்கும் ஈரமாகத்தான் கிடக்கிறது. துடைத்துவிட்டு உள்ளே வந்து பாருங்கள்.

அக்காவை மூச்சு உள்ளவரை பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கும் நர்சம்மாக்களுக்கும், கழிவுத் தாளை அக்காவுக்கென்று எடுத்து வைத்த அச்சகத்துப் பிள்ளைகளுக்கும், காரியாபட்டியிலிருந்து வந்து தோள் கொடுத்த சொந்தங்களுக்கும், துக்கத்தன்று வாசலில் முறை காத்து நின்ற தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று ஓடியவர்களுக்கும் என் மேல் வருத்தம் வேண்டாம்.

எதிர்வீட்டு அண்ணாச்சிக்கு நான் என் சார்பில் நன்றி சொன்னால் அது கால் வராமல் நின்றவருக்குச் சொன்னதாகிவிடும். ஆகையால் அக்காவின் சார்பில் சொல்கிறேன். எல்லாரும் ஓடியபோது எங்கள் அக்காவை நம்பி நின்றவருக்கு நன்றி.

இப்படிக்கு,
தங்கை